கபஸ்கேசிங்கில் ஸ்கிடூ வாங்கிய கதை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தவரை பனி என்றால் எனக்கு வேலைதான். காரின் மேல் கிடப்பதை வழிக்க வேண்டும், டிரைவ்வேயில் கிடப்பதை அள்ள வேண்டும், படியில் உப்புத் தூவ வேண்டும். மருந்தாளர் வேலை கிடைத்து கபஸ்கேசிங்குக்கு மாறுகிறேன் என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அந்தக் குளிருக்குள் போய் என்ன செய்யப் போகிறாய்? ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒன்பது, பத்து மணி நேர ஓட்டம். 11ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் காகித ஆலை நகரம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களைக் குளிரில் சோதிக்கத் தேடிப் பிடித்த இடம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து பார்த்தால், இங்கே பனி குறைந்தால்தான் சனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறது. மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள், பாதை திறந்துவிட்டதா என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள், பெரும்பாலும் பிரெஞ்சில். நெடுஞ்சாலை எப்போதும் திறந்துதானே இருக்கிறது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர்கள் கேட்டது காட்டுக்குள் போகும் ஸ்நோமொபில் பாதையை, அதாவது ஸ்கிடூ போன்ற, பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கான பாதையை. கிழக்கே கொக்ரேன், மேற்கே ஹேர்ஸ்ட் என்று ஊர்களைத் தொடுத்துக்கொண்டு போகிறது அது. ஒன்ராறியோ முழுவதும் இப்படி ஏறக்குறைய 30,000 கிலோமீற்றர் உண்டு. ஊர்க் கழகங்களின் தொண்டர்கள்தான் அதைப் பராமரிக்கிறார்கள். பல இடங்களில் பாதை தனியார் காணி வழியே, உரிமையாளரின் தயவில் போகிறது. அனுமதிச் சீட்டுக்கு நாம் கட்டும் பணம்தான் பாதையைச் செப்பனிடும் வண்டிக்கு டீசல். நவம்பருக்கு முன் வாங்கினால் மலிவு.

பனி கொட்டினால் போதும், ஓடலாம் என்பது தெற்கிலிருந்து வருபவர்களின் நினைப்பு. பக்கத்து வீட்டு முதியவர் ஒரு நவம்பர் பனிப்பொழிவைப் பார்த்து உச்சுக்கொட்டியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்தப் பக்கம் களிமண்ணும் சதுப்பும் கலந்த நிலம். கோடையில் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். அது உறைந்தால்தான் மேலே பாதை நிற்கும். உறைவதற்கு முன் தடித்த பனி விழுந்துவிட்டால், அது போர்வையாகி அடியில் உள்ள சூட்டைக் காத்துவிடுகிறது. மேலே வெள்ளை, கீழே சேறு. ஆகவே முதலில் குளிர் வேண்டும், அப்புறம் பனி. ஏரிகளிலும் இதே சங்கடம். பனியின் பாரம் பனிக்கட்டியை அமுக்க, வெடிப்பு வழியே தண்ணீர் மேலே ஏறிப் பனிக்கடியில் கூழாக நிற்கும். பார்வைக்குத் தெரியாது. வண்டி அதில் இறங்கிவிட்டால் வேகம் கூட்டும் திராட்டிலை விடாமல் ஓடிக் கரையேற வேண்டும். தயங்கி நின்றால் அங்கேயே உறைந்துவிடும்.

பாதையைச் செப்பனிடுவது பெரும்பாலும் இரவில். டிராக்டர் ஒன்று நீளமான இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போகும். அதிலுள்ள தகடுகள் மேடுகளைச் சீவி, பனியைக் கிளறிக் கலக்க, பின்னாலுள்ள தட்டு அழுத்திச் சமன் செய்கிறது. அப்புறம் சில மணி நேரம் யாரும் அதில் ஓடாமல் இருந்தால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதனால் ஓட்டத்துக்கு ருசியான நேரம் குளிர்ந்த நாளின் அதிகாலை. சனிக்கிழமை பின்னேரம் போனால், நூறு வண்டி ஓடித் தோண்டிய பள்ளமேடுகளில், காற்றுக் காலத்தில் நயினாதீவுப் படகில் போவதுபோல இடுப்பு கழன்றுவிடும். புறப்படுமுன் மாகாண ஸ்நோமொபில் கழகக் கூட்டமைப்பின் வரைபடத்தில் பாதையின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் திறந்திருக்கிறது. மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம். சிவப்பு என்றால் பூட்டு. அதில் ஓடுவது அடுத்தவன் காணிக்குள் அத்துமீறுவதற்குச் சமம். வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். எல்லோரும் மதிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன்.

இங்கே எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் பொதுப் பெயர் ஸ்கிடூதான். கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப் அர்மாண்ட் பொம்பார்டியே 1959இல் விற்பனைக்கு விட்ட வண்டியின் பெயர் அது. அவருடைய இரண்டு வயது மகன் 1934 குளிர்காலத்தில் நோயில் விழுந்தபோது, பனி மூடிய வீதியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்துபோனான். 1937இல் அவர் ஏழு பேர் ஏறும் பனி வண்டி ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். விளையாட்டுச் சாமான் என்று நான் நினைத்திருந்த வண்டியின் மூதாதை ஊர் வைத்தியர்களையும் தபாலையும் சுமந்தது. மருந்துக்கடைக்காரனுக்கு அதைக் கேட்டபின் வண்டிமேல் தனி மரியாதை வந்துவிட்டது.

சரி, எந்த வண்டி? கடைக்காரர் முதலில் குதிரைவலுவைப் பற்றித்தான் கதைப்பார். கேட்டுக்கொண்டிருங்கள், ஆனால் நம்பி வாங்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டி பாரம் குறைவு. பனியில் புதைந்தால் இழுத்தெடுப்பது சுலபம். ஆனால் எண்ணெயும் குடிக்கும், இரைச்சலும் கூட. ஃபோர்-ஸ்ட்ரோக் பாரம் கூடியது, பெற்றோல் செலவு குறைவு, சத்தமும் மட்டு. ஊருக்கு ஊர் போய் வருவதுதான் நோக்கம் என்றால் என் தெரிவு பிந்தியது. மனைவியும் வருவதால் இருவர் உட்காரும் டூரிங் வகையைப் பார்த்தோம். பின்சீற்றுக்குச் சாய்மானமும் சூடேறும் கைப்பிடியும் இல்லாவிட்டால் அவர் ஒருமுறைக்குமேல் வந்திருக்கமாட்டார். அடியில் சுற்றும் ரப்பர் டிராக், இப்படியான வண்டிக்கு 137 அங்குலம் அல்லது அதற்குமேல் இருந்தால் மேடுபள்ளத்தைத் தாண்டிப் போகும். அதன் பற்கள் ஒன்றேகால் அங்குல உயரம் போதும். இரண்டரை அங்குலப் பற்கள் மேற்கு மலைகளின் ஆழப் பனிக்கு உரியவை. இறுகிய பாதையில் அவை வீண்.

எல்லாவற்றையும்விட, உங்கள் ஊரில் யார் திருத்துகிறார் என்று பாருங்கள். 1968 முதல் செய்துவந்த யமஹாவே 2025 மாடலோடு வட அமெரிக்கச் சந்தையை விட்டுப் போய்விட்டது. பழைய யமஹாக்கள் உழைக்கக்கூடியவைதான். ஆனாலும் உதிரிப்பாகம் வரும்வரை பெப்ரவரி காத்திருக்காது.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை, ஒழுங்கு வேண்டும். எஞ்சினின் சக்தியை டிராக்குக்குக் கொண்டுபோகும் பெல்ட் எந்த நேரமும் அறுந்து போகலாம். மேலதிகமாக ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். அறுந்தால், கிளட்சுக்குள் சிக்கிய நார் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். புதியதை முதலில் மெதுவாக ஓடிப் பழக்குங்கள். தூள்பனி இல்லாத கெட்டிப் பாதையில் வண்டி சூடேறும், ஏனென்றால் டிராக் எறியும் பனிதான் அடியிலுள்ள குளிர்விப்பானைக் குளிரவைக்கிறது. டிராக்கின் உள்ளே உராயும் பிளாஸ்டிக் பட்டைக்கும் அதுதான் வழுக்கல். ஸ்கிராச்சர் என்ற கம்பிகளை இறக்கிவிட்டால் அவை பாதையைக் கீறிப் பனியை மேலே தெறிக்கவிடும். இரவில் வண்டியைப் பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலையில் டிராக் நிலத்தோடு ஒட்டியிருக்கும். கோடைக்கு மூடிவைக்கும்போது பெற்றோல் கெடாமலிருக்க மருந்து கலந்து சிறிது நேரம் ஓடவிட வேண்டும். புகைக்குழாய் வாயில் இரும்பு நாரை அடைத்துவிடுங்கள், எலிகளுக்கு அதுதான் விருப்பமான வீடு.

உடுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: பருத்தி வேண்டாம். வியர்வை அதில் நின்று, நின்ற இடத்தில் உறையும்.

ஏரியில் பாதை குறிக்கப்படாத இடத்துக்கு நான் போவதில்லை. தெளிந்த நீலப் பனிக்கட்டி ஒரு வண்டிக்குக் குறைந்தது 12 சென்ரிமீற்றர் வேண்டும் என்பார்கள். வெள்ளைப் பனிக்கட்டிக்கு அதில் பாதிப் பலம்தான். சாம்பல் நிறம் என்றால் திரும்பிவிடுங்கள். விழுந்தால் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் இரண்டு கூரான ஆணிப்பிடிகள் தொங்க வேண்டும்.

எங்கள் வழக்கமான ஓட்டம் மூன்பீம்வரைதான், நெடுஞ்சாலையோரம் பறக்கும் தட்டு ஒன்றை நிறுத்திவைத்திருக்கும் ஊர். எதிரே வருபவர் முதுகுப் பக்கம் பெருவிரலைக் காட்டினால் பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். மூடிய கைமுட்டியை உயர்த்தினால் அவர்தான் கடைசி. இந்தச் சைகைக்குப் பிரெஞ்சு தேவைப்படாதது எனக்கு ஆறுதல்.

ஸ்காபரோவிலிருந்து மச்சான் இப்போது வருடாவருடம் கேட்கிறான்: "அத்தான், கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தால் ஸ்கிடூ ஓடலாமோ?" கார் லைசென்ஸ் இருந்தால் ஒன்ராறியோவில் அதுவே போதும். அவனுடைய 12 வயதான மகளுக்கு மட்டும் தனிப் பயிற்சியும் அட்டையும் வேண்டும். ஆனால் கிறிஸ்மஸுக்கு வேண்டாம், அப்போது சதுப்பு சரியாக உறைந்திருக்காது. பெப்ரவரியில் வரச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை பின்னேரம் தவிர.