கோவை மொட்டை மாடியில் 3 கிலோவாட்

வீட்டு மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் சூரிய வீடு திட்டத்தில் (பி.எம். சூர்ய கர்) முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் ஏறாது. பேனல் உள்நாட்டிலேயே, உள்நாட்டு சோலார் செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று இறக்குமதிப் பேனல் மாட்டினால் மானியம் போச்சு.

3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி வேணும். நம்ம ஊரில் தெற்குப் பார்த்து 10, 12 டிகிரி சாய்வு போதும். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் கிடைக்கும். ஆனி, ஆடியில் மேகம் மூடிக் குறையும். அதே மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் முழு வீச்சில் ஓடும். அந்தக் காற்றுக்கே பேனல் ஸ்டாண்டைத் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்க. சும்மா கல்லை வைத்து நிறுத்துவது ஆகாது.

பலரும் ஏமாறுவது, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரில்தான். பேட்டரி இல்லாத அமைப்பில் கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அப்படி. நடுப்பகலில் அது அடிக்கடி டிரிப் ஆகி நின்றால் இன்வெர்ட்டர் திரையில் வோல்டேஜைப் பாருங்க. 250 வோல்ட்டைத் தாண்டினால் பெரும்பாலும் இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு லைனுக்கு வரும் வயர் மெலிசு, இல்லை தெரு லைனே பலவீனம்.

சோமனூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி படியும். விடியற்காலையில் கழுவுங்க, உப்பு போர் தண்ணி மட்டும் வேண்டாம். வெள்ளைக் கறை பிடித்தால் லேசில் போகாது.