ஐந்தாவது கோரிக்கை

ஐந்தாவது கோரிக்கையை எடுத்துவிடலாம் என்று சம்மதித்தது நான்தான். எங்கள் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி அமைப்பைச் சீர்திருத்த நாங்கள் சிலர் சேர்ந்து வைத்த கோரிக்கைகள் ஐந்து. மற்ற நான்கும் நிறைவேறிவிட்டன. வரவு செலவுக் கணக்கு இப்போது எல்லா உறுப்பினர்களின் கைக்கும் வருகிறது. புகார்களைக் கேட்பவர் அமைப்பிடம் சம்பளம் வாங்காத ஒருவர். பயிற்சி நடக்கும்போது யாரும் எழுந்து வெளியே போகலாம், வாசலில் மறித்துப் பேச ஆள் நிற்பதில்லை. தன்னார்வலர்களின் வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வந்திருக்கிறது. இவற்றில் ஒன்றுகூடச் சின்ன விஷயம் இல்லை. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி தரும் இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஐந்தாவது இதுதான்: பயிற்சியைப் பாதியில் விட்டவர்களிடமும், முடித்தபின் திரும்பி வராதவர்களிடமும், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

பொதுக்குழுவுக்கு முந்தைய நாள் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பேச்சில் கோபமே இல்லை.

"மத்த நாலும் நியாயம்தான். இது ஒண்ணு மட்டும் வேண்டாம். விட்டுட்டுப் போனவங்க மனசளவுல தயாராகாம வந்தவங்க. அவங்ககிட்டப் போய் என்ன கேக்கப் போறீங்க?"

"என்ன ஆச்சுன்னு கேக்கலாம் சார்."

"யாருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

நான் சரி என்றேன். அந்தச் சரியைப் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டேன். நான்கு கோரிக்கைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றால் அடுத்த பயிற்சியிலேயே யாரோ ஒருவருக்கு நன்மை கிடைக்கும். போனவர்களுக்காக, இனி வரப்போகிறவர்களின் பாதுகாப்பைத் தள்ளிப்போட முடியுமா? இன்றும் இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் 'முடியாது' என்பதுதான்.

ஆனால் அன்று மாலை, எங்கள் குழுவில் மூத்தவரான அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "போனவங்களுக்காகத்தானே தம்பி நாம கூடினோம்?" என்றார். அதுவும் உண்மை. கூடப் பயிற்சி எடுத்த ஒருவர் நடுவில் காணாமல் போனார். அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை வரவில்லை. அதைப் பொறுக்க முடியாத சிலர் பேச ஆரம்பித்துத்தான் இந்தச் சீர்திருத்தக் குழுவே உருவானது.

அப்புறம்தான் யாலோம், லிபர்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். மனம்விட்டுப் பேசும் குழுப் பயிற்சிகள் அமெரிக்காவில் பெருகியிருந்த காலம் அது. 18 குழுக்களில் சேர்ந்த 209 கல்லூரி மாணவர்களை அவர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 16 பேருக்குப் பயிற்சியால் நீடித்த மனபாதிப்பு ஏற்பட்டிருந்தது. என்னை நிறுத்தியது அந்த எண்ணிக்கை அல்ல. பாதிக்கப்பட்டவர் யார் என்பதைக் குழுத் தலைவர்கள் சரியாகக் கணிக்கவில்லை, கூட உட்கார்ந்திருந்தவர்கள்தான் நன்றாகக் கண்டுபிடித்தார்கள் என்பது. ஆவேசமும் கவர்ச்சியும் நிறைந்த, ஊடுருவி ஊடுருவிக் கேட்கிற தலைவர்களிடம் ஆபத்து கூடுதலாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது.

முகத்தைப் பார்த்தால் தெரியும் என்ற அந்தப் பதிலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இயக்குநர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால், அழுகிறவர் மனம் திறக்கிறவராகத்தான் தெரிவார். அவர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், அதற்குப்பின் பல நாள் தூங்காமல் கிடந்தது மேடைக்குத் தெரியாது.

ஒரு அமைப்பில் குறை கண்டவருக்கு இரண்டு வழி உண்டு: வெளியேறலாம், அல்லது உள்ளே இருந்தபடி குரல் கொடுக்கலாம். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதியது இது. குறையை முதலில் உணர்கிறவர்களே முதலில் போய்விடுவதும் உண்டு. அப்போது குரல் கொடுக்கத் தெரிந்தவர்களையே அமைப்பு இழந்துவிடுகிறது. ஆளுமை வளர்ச்சி அமைப்புகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உள்ளே இருந்து எழும் குரலையும் அங்கே மனத்தின் நோய்க்குறியாக மாற்றிவிட முடியும். 'இந்தக் கேள்வி உங்களுக்குள் எங்கிருந்து வருகிறது?' என்று திருப்பிக் கேட்டால் போதும், குரல் எழுப்பியவர் தன்னைத்தானே ஆராயப் போய்விடுவார், கேள்வி அந்தரத்தில் நின்றுவிடும். சீர்திருத்தக் குழுவிலும் இது எங்களை விடவில்லை. கணக்கைப் பற்றி விடாமல் கேட்ட ஒருவரிடம், "பணத்தோட உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு யோசிச்சுப் பாருங்க" என்று இன்னொருவர் உண்மையான அக்கறையோடு சொன்னார். கேட்டவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. அமைப்பை மாற்ற வந்த நாங்கள் அமைப்பின் பாஷையில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் அந்தப் பாஷைக்குப் பழகாத, அல்லது அதை உதறிவிட்ட ஆட்களின் சொல்தான் எங்களுக்கு மிகவும் தேவை. அவர்களை எட்டும் வழிதான் ஐந்தாவது கோரிக்கை.

ஆனாலும் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு, அதைச் சாக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட அமைப்புகளிலிருந்து போனவர்கள் எதற்கு அதிகம் பயப்படுகிறார்கள்? அமைப்பிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குத்தான். அடுத்த நிலைப் பயிற்சிக்கு வாருங்கள், நண்பரையும் அழைத்து வாருங்கள் என்று தன்னார்வலர்கள் விடாமல் கூப்பிட்டிருப்பார்கள். இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று கெஞ்சியவர்களும் இருக்கிறார்கள். 'உங்களுக்கு என்ன ஆயிற்று?' என்று நாம் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், திரையில் தெரிவது அதே எண்தான். தன்னை விட்டுவிடும்படி கேட்ட ஒருவரை, அவர் நன்மைக்காகவே என்றாலும், மறுபடி தொடலாமா? அன்று நான் சரி சொன்னதற்கு இது காரணம் இல்லை. அன்று இது தோன்றவே இல்லை. ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் அந்த முடிவு கொஞ்சம் நியாயமாகத் தெரிகிறது. உடனே, கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும் என்ற அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. கூட இருந்தவர்கள் நாங்கள்தானே. தீர்மானம் இல்லாமலே, தோழமையோடு ஒரு வரி எழுதியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

அடுத்த பொதுக்குழுவுக்கான கோரிக்கைகளில் ஐந்தாவதையும் கடைசியாகச் சேர்த்து மறுபடி வரைவு எழுதியிருக்கிறேன். தொலைபேசி கூடாது, ஒரே ஒரு கடிதம் மட்டும். பதில் வராவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வது. வரும் பதில்கள் நேராகப் புகார் கேட்பவருக்குப் போகும், பயிற்சியாளர்கள் கண்ணில் படாது.

அக்கா படித்துப் பார்த்தார். கடிதம் நல்ல யோசனை என்றார். "ஆனா இதையும் ஏன் கடைசியாப் போட்டிருக்கீங்க? முதல்ல போடுங்க. அப்பத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்." முதலில் போட்டால் இயக்குநர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார், மற்றவற்றைப் படிக்கக்கூட மாட்டார் என்றேன். "நிக்கட்டுமே" என்றார் அக்கா. வரிசையை நான் இன்னும் மாற்றவில்லை. பொதுக்குழுவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.