பூதப்பாண்டியில் இருந்து ஒரு பனி நாட்குறிப்பு

செப்டம்பர் 27

காலை ஏழரை மணிக்கு மகள் அழைத்தாள். அவள் வசிக்கும் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டு மணி. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன என்றும், நெவர் சம்மர் மலைத்தொடரின் உச்சிகளில் ஒரு விடியலில் தெரிந்த வெண்மை நண்பகலுக்குள் மறைந்துவிட்டது என்றும் சொன்னாள். பருவத்தின் முதல் பனியைத் தேடிப் போகும் நாட்கள் அவளுக்குத் தொடங்கிவிட்டன என்பது குரலிலேயே தெரிந்தது.

இதைப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம் எழுதிவைக்கிறேன். பனிச்சறுக்கு என்றதும் கம்பி வண்டியில் ஏறி உச்சிக்குப் போய்ச் சறுக்கி இறங்குவதுதான் நம் நினைவுக்கு வரும். என் மகளும் அவளுடைய தோழியும் செய்வது வேறு. வண்டியோ, சீர்செய்த பாதையோ, காவலரோ இல்லாத காட்டு மலையில், பலகையின் அடியில் ‘ஸ்கின்’ என்னும் பட்டையை ஒட்டிக்கொண்டு தாங்களே நடந்து ஏறுகிறார்கள். முற்காலத்தில் கடல்நாய்த் தோலாக இருந்த அந்தப் பட்டை இப்போது ஆட்டு மயிராலும் நைலானாலும் ஆனது. அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னால் வழுக்கிச் செல்லும், பின்னால் வழுக்காது. உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு, குதிகாலைப் பலகையோடு பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூன்று மணி நேரம் ஏறினால் இறங்குவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களுக்காக இத்தனை பாடு எதற்கு என்று என் மனைவி கேட்பதுண்டு. நான் கேட்பதில்லை, ஏனென்றால் பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீரின் குல்மார்க்கில் நானும் அப்படித்தான் ஏறினேன்.

அக்டோபர் 3

இன்று அவர்கள் செயின்ட் மேரீஸ் பனிப்பரப்புக்குப் போய்வந்தார்கள். கோடை முழுவதும் உருகாமல் எஞ்சிக் கிடக்கும் பனி அது. ஆண்டில் ஒரு மாதம்கூட விடாமல் சறுக்க விரும்புகிறவர்கள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கேதான் ஒதுங்குவார்கள். பரப்பெங்கும் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து, மேலே தூசியும் கல்லும் படிந்து, பனிக்கட்டியைப் போல இறுகியிருந்தது என்றாள். பலகையின் விளிம்பு அதில் உராயும் ஒலியை எனக்காகக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். தேங்காய் துருவும் சத்தம்போல இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அப்படித்தான் இருந்தது.

அக்டோபர் 6

வயலில் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல்லுக்கு நாற்று தயாராக இருக்கிறது. தாடகை மலையின் மேல் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது.

என்னுடைய பனியைப் பற்றியும் எழுத வேண்டும். நான் பட்டாளத்தில் சேர்ந்தது 1981இல். 1986இல் குல்மார்க்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். 1948இல் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, 1962இல் இன்றைய பெயரைப் பெற்ற இடம் அது. அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில் “இங்கே எனக்கு எப்போதும் பனிதான்” என்று எழுதியிருந்தேன். என் அம்மா விளவங்கோட்டுக்காரி, அங்கே பனி என்றால் காய்ச்சல். மகன் ஓயாத காய்ச்சலில் கிடக்கிறான் என்று எண்ணி, அடுத்த கடிதம் வரும்வரை அவள் அழுதுகொண்டே இருந்தாளாம். அன்றிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் நான் வெண்பனி என்றே எழுதிவந்தேன்.

அங்கே எங்களுக்குப் பயிற்சி தந்த ஒரு மூத்த ஹவில்தார், புதுப்பனியைக் கண்டவுடன் பலகையை மாட்ட விடமாட்டார். முதலில் மண்வெட்டி, அதன் பிறகே பலகை. தரை தெரியும்வரை வெட்டி, வெட்டுமுகத்தை விரல்களால் தடவிப் பார்க்கச் சொல்வார். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கும் விரலுக்குச் சொல்லும் செய்தி வேறு வேறாக இருக்கும். காஷ்மீரியில் பனிக்கு ஷீன் என்று பெயர். டிசம்பர் 21 தொடங்கி 40 நாட்கள் நீளும் சில்லை கலான் என்னும் கடுங்குளிரில் விழும் ஷீன்தான் நிலைத்து நிற்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் விழுவதை அவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. நம்பாததற்குப் பின்னாளில் அவர்களுக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. 2018 நவம்பர் தொடக்கத்திலும் 2019 நவம்பர் தொடக்கத்திலும், ஆப்பிள் மரங்கள் இலை உதிர்க்கும் முன்பே பெரும் பனி பொழிந்தது. இலைகள் தாங்கிய பனியின் எடையால் கிளைகள் பிளந்து, பல ஆண்டுகள் வளர்த்த மரங்கள் வீழ்ந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரங்களும் வாழைகளும் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்ட எனக்கு, காஷ்மீரின் சோபியான் ஆப்பிள் தோட்டங்களின் படங்களைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 10

ஃபோர்ட் காலின்ஸுக்கு மேற்கே மலையில் உள்ள கேமரன் கணவாயில் நேற்றிரவு 25 சென்டிமீட்டர் பனி. கணவாயின் உயரம் 3,132 மீட்டர். அவள் முன்னதாகவே தானியங்கி நிலையத்தின் அளவைப் பார்த்து வைத்திருந்தாள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஸ்னோடெல் எனப்படும் இத்தகைய நிலையங்கள் 900க்கும் மேல் இருக்கின்றன. தரையில் விரித்த, உறையாத நீர்மம் நிறைந்த ஒரு மெத்தையின் மேல் பனி விழும்போது அதன் எடை நீர்மத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் கொண்டு, அவ்வளவு பனியும் உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்று கணக்கிடுகிறார்கள். நாம் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி, பெருஞ்சாணி அணையில் எத்தனை அடி என்று தேடுவதைப்போல, அவர்கள் அந்த எண்ணைத் தேடுகிறார்கள். அங்கே மலைப்பனிதான் அணை. கோடையில் அது உருகி வரும் தண்ணீரை நம்பியே கீழே வயல்களும் ஊர்களும் இருக்கின்றன. நீர்வள ஆய்வில் வேலை பார்க்கும் அவளுக்கு இது பிழைப்பும்கூட.

விடியும் முன் கிளம்பி, பலகைகளைத் தோளில் சுமந்து, காய்ந்த புல்லிலும் பாறைக் குவியலிலும் இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார்கள். தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் பட்டு அதற்குள் மண் தெரிந்துவிட்டது. வடக்கு நோக்கிய ஓர் இடுக்கில், காற்று கொண்டுவந்து கொட்டிய பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடந்ததாம். அதில் ஏறிப் பதினொரு திருப்பங்கள் சறுக்கினாள். பலகையின் அடியில் கல் கிழித்த தடம் ஒரு சாண் நீளம்.

அவள் மகிழ்ச்சி பொங்கப் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “மக்கா, அடியில என்ன இருந்துது?” என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. தோண்டிப் பார்க்கவில்லை என்றாள்.

அக்டோபர் 11

நேற்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. முழங்கால் ஆழப் பனிதானே என்று அவள் சொன்னதற்கு நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்லிவிட்டேன். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று, மொன்டானா மாநிலத்தின் இம்ப் சிகரத்தில், பருவம் தொடங்காத வேளையில் சறுக்கப் போன இருவர் பனிச்சரிவில் சிக்கி, அவர்களில் ஓர் இளம்பெண் புதையுண்டு இறந்துபோனார். அதுவும் பருவத்துக்கு முந்திய பனிதான். குளிர்காலத்தில் கவனமாக இருக்கும் பலர் அக்டோபரில் கவனமாக இருப்பதில்லை, ஏனென்றால் மலை பெரும்பாலும் கறுப்பாகத் தெரிகிறது. சறுக்குவதற்குப் போதுமான பனி எந்த இடுக்கில் காற்றால் திரட்டப்பட்டிருக்கிறதோ, அதே இடுக்கில்தான் சரிவதற்குப் போதுமான பனியும் இருக்கிறது. பனியைத் தேடிப் போகிறவர்கள் தேடலின் முறையாலேயே ஆபத்துள்ள இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை அவளுக்கு விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நானும் ஒருமுறை தோண்டாமல் போயிருக்கிறேன். எங்கே என்று எழுதப்போவதில்லை. கால்களுக்குக் கீழே “வும்ப்” என்று ஒரு சத்தம் கேட்டது. பருத்தி மெத்தையில் பெரிய மூட்டை விழுந்ததுபோல. அடியில் இருந்த வலுவற்ற அடுக்கு அமிழ்ந்த சத்தம் அது. எனக்கு முன்னால் பனியில் ஒரு கோடு ஓடியது. சரிவு குறைந்த இடம் என்பதால் எதுவும் நகரவில்லை. அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அக்டோபர் 14

மகள் சமாதானமாகப் பேசினாள். “எப்பா, நீங்க சொன்னது சரிதான், எனக்குத் தெரிஞ்சிருந்தும் செய்யல்ல” என்றாள். இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முதற்பனியின் இயல்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மெல்லிய பனிக்கு நேர்வது இதுதான். கோடையின் வெப்பத்தை இன்னும் வைத்திருக்கும் தரை, பனியின் அடிப்பகுதியை உறைநிலைக்கு அருகிலேயே நிறுத்துகிறது. மேற்பரப்போ தெளிந்த வானத்தின் கீழ் இரவில் பூஜ்யத்துக்கு வெகு கீழே போய்விடுகிறது. ஒன்றரை மீட்டர் ஆழமான பனியில் இந்த வேறுபாடு மெல்ல மெல்லப் பரவும். 30 சென்டிமீட்டர் பனியில் அது செங்குத்தாக இருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு போனால், அடியிலிருந்து நீராவி விரைந்து மேலேறி, துகள்களை அரித்துப் புதிய வடிவில் படியவைக்கிறது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்த துகள்கள் பட்டை தீட்டிய மணிகளாகித் தனித்தனியே உதிர்கின்றன. கையில் அள்ளினால் சீனி விரலிடுக்கில் வழிவதுபோல வழியும். சர்க்கரைப் பனி என்றே அங்குள்ளவர்களும் சொல்கிறார்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்யும் கனத்த பனி முழுவதும் இந்தச் சீனியின் மேல்தான் உட்கார வேண்டும்.

தெற்குச் சரிவின் பனி அக்டோபரில் உருகிவிடுவதால், அங்கே குளிர்காலம் வெறுந்தரையில் இருந்து தொடங்குகிறது. வடக்குச் சரிவின் நிழல் பனியைக் காப்பாற்றி வைக்கிறது. காப்பாற்றிய அந்த நிழலே அதைச் சீனியாகவும் ஆக்குகிறது. குல்மார்க்கில் இருந்தபோதே இதை என் விரல்கள் அறிந்திருந்தன. காரணத்தை முழுமையாகச் சொல்லிக் கொடுத்தவள் மகள்தான்.

அக்டோபர் 20

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய இடியும் மழையும் இரவுவரை ஓயவில்லை. பழையாற்றில் செந்நிறத் தண்ணீர்.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்று வைத்துக்கொண்டால், இங்கே 30 டிகிரி இருக்கும்போது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலை வந்துவிடுகிறது. இன்றைய இடிமேகங்கள் அதற்கும் வெகு மேலே எழும்பி நின்றவை. அவற்றின் மேற்பகுதி முழுவதும் பனித்துகள்கள். கூரையில் கொட்டிய துளிகளில் எத்தனையோ, மேலே பனியாக இருந்து இறங்கும் வழியில் உருகியவை. குல்மார்க்கை விட்டு வந்தபோது பனியை விட்டுப் பிரிந்ததாக நினைத்திருந்தேன்.

அக்டோபர் 26

கேமரன் கணவாயில் இரண்டாவது, மூன்றாவது பனிப்பொழிவுகள் முடிந்துவிட்டன. பழைய இடுக்கின் விளிம்பில், சரிவு குறைந்த இடமாகப் பார்த்து, அவளும் தோழியும் தரைவரை தோண்டினார்கள். வெட்டுமுகத்தின் படத்தையும் அளவுகளையும் அனுப்பியிருக்கிறாள். மொத்த ஆழம் 42 சென்டிமீட்டர். மேற்பரப்பில் மைனஸ் 11 டிகிரி, தரையில் மைனஸ் 1. அடியில் இருந்த 12 சென்டிமீட்டரும் சீனி. அதுதான் அக்டோபர் 9 இரவு விழுந்து, அவள் பதினொரு திருப்பங்கள் சறுக்கிய பனி.

இடுக்கின் சரிவு 36 டிகிரி. பலகைபோல இறுகிய பனி பெரும்பாலும் சரிவது 30 முதல் 45 டிகிரிவரையுள்ள சரிவுகளில் என்பதால், அது நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் கோணம். இருவரும் அதில் இறங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி 22 டிகிரிச் சரிவுள்ள புல்வெளி ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் புல்தரைதான் நல்லது; பாறைக் குவியலை மூட ஒரு மீட்டருக்கு மேல் பனி வேண்டியிருக்கும்போது, மடங்கிக் கிடக்கும் புல்லை மூட ஒரு சாண் பனி போதும். அங்கே மூன்று முறை ஏறி இறங்கினார்கள். வெண்மையாக மாறிக்கொண்டிருந்த ஒரு டார்மிகன் பறவை, பாதி கோடையும் பாதி குளிர்காலமுமாகப் பனியில் நின்றிருந்தது என்று அதன் படத்தையும் அனுப்பியிருந்தாள்.

இருவரிடமும் மண்வெட்டி, ஊன்றிப் பார்க்கும் நீண்ட கம்பி, 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ அலை அனுப்பும் தேடுகருவி ஆகியவை இருந்தன. புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி, அதன் பின் அது வேகமாகக் குறைகிறது. ஆகவே உதவி கூட வந்தவரிடமிருந்துதான் வர முடியும். அந்தத் தோழியை நான் பார்த்ததில்லை. அவளும் கருவியை வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புகிறவள் என்று மகள் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

நவம்பர் 1

கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள் என்பதால் இங்கே விடுமுறை. காலையில் மழை விட்டிருந்தது. நாற்று நட்டு முடிந்தது.

பேச்சிப்பாறையின் அளவை நாள்தோறும் குறித்துவரும் நோட்டில், ஸ்னோடெல் எண்ணுக்காக இன்னொரு பத்தியைக் கோடு போட்டு வைத்தேன். சனிக்கிழமைதோறும் அதே இடத்துக்கு ஓர் அடி தள்ளித் தோண்டி, சீனி அடுக்கு தடிக்கிறதா, மேலே விழும் பனியின் எடையில் இறுகுகிறதா என்று பார்த்து எனக்கு அளவுகளை அனுப்புவதாக மகள் சொல்லியிருக்கிறாள். வசந்தம்வரை இறுகாமலே கிடந்த ஆண்டுகளும் உண்டு என்று அவளிடம் சொன்னேன். அப்படியானால் அந்த இடுக்கு வசந்தம்வரை அங்கேயே கிடக்கட்டும் என்றாள்.

காருக்குத் திரும்பியதும் முதல் அழைப்பு எனக்கு வர வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். நாளை முதல் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். அவளுடைய இரவு எட்டு மணி இனி எனக்குக் காலை எட்டரை.