முறித்தால் பேசும் மரங்கள்

மழை ஓய்ந்த ஒரு மாலையில், வன்னியின் மாங்குளத்து வீட்டு விறாந்தையில் இருந்து, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘நரகம்’ என்னும் காவியப் பகுதிக்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே ஆக்கிய மரச்செதுக்குப் படங்களைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தச்சுத் தொழிலில் முதிர்ந்த என் அப்பா அருகில் வந்து, படத்தில் இருப்பவர் யார் என்று கேட்கவில்லை. “இது எந்த மரத்தில வெட்டினது?” என்றுதான் கேட்டார்.

பாக்ஸ்வுட் என்னும் மரம். மிக மெதுவாக வளர்ந்து, தடிக்காமலே வைரம் பாயும் மரமாதலால், பெரிய படத்திற்குச் சிறு துண்டுகள் பலவற்றை இறுகப் பொருத்தியே பலகை செய்தார்கள். அதன் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கும்போது நார் உளியை இழுக்காது என்பதை அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. டோரே அப்பலகையின் மேல் தூரிகையால் ஒளியும் நிழலுமாக வரைய, எலியோடோர் பிசான் முதலான செதுக்குநர்கள் அந்தச் சாயலை ஆயிரக்கணக்கான நுண்கோடுகளாக மாற்றினார்கள். வெட்டாமல் விட்ட பரப்பு மையேற்று இருளாக அச்சாகும். வெட்டி எடுத்ததெல்லாம் வெளிச்சமாகும். பதிப்பாளர் தயங்கியதால் டோரே தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1861இல் அந்நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 29.

எங்கள் நரகத்தில் எண்ணெய்க் கொப்பறை கொதிக்கும். தாந்தேயின் நரகத்தின் அடியாழம் உறைபனி. அந்தப் பனிப் படங்களை விரைவாகத் தள்ளிவிட்டு, பதின்மூன்றாம் காண்டத்துக் காட்டிலேயே நான் நெடுநேரம் நின்றேன். தம்முயிரைத் தாமே மாய்த்தவர்கள் அங்கே முள்மரங்களாக நிற்கிறார்கள். நரகத்தின் வழியே தாமே நடந்து செல்வதாகப் பாடும் தாந்தே ஒரு சிறு கொப்பை முறிக்கிறார்; ஏன் என்னை முறிக்கிறாய் என்று மரம் அலறுகிறது. பச்சை விறகின் ஒரு முனை எரிய மறுமுனை நீர் கசிந்து சீறுவதுபோல, முறிந்த இடத்திலிருந்து சொல்லும் இரத்தமும் ஒன்றாக வந்தன என்கிறார் கவிஞர். மாரிகாலத்தில் நனைந்த விறகோடு அடுப்பு மூட்டிய எவருக்கும் அந்த ஒலி தெரியும்.

பேசியவர் பியர் தெல்லா விஞ்ஞா. இரண்டாம் பிரெடரிக் பேரரசரின் அமைச்சராயிருந்து, துரோகி எனப் பழி சுமத்தப்பட்டுச் சிறையிலே மாண்டவர். அவர் கதையைக் கேட்ட தாந்தேக்கு இரக்கத்தால் நா எழவில்லை. காவியம் முடிச்சு விழுந்த கொப்புகளையும் நச்சு முட்களையும் மட்டுமே சொல்கிறது. டோரேயோ அம்மரங்களுக்கு மனித உடலின் சாயலையும் கொடுத்துவிட்டார். காவியத்தின் தண்டனையைவிட ஓவியரின் அந்த இரக்கத்தின் பக்கமே என் மனம் நிற்கிறது.

போருக்குப் பின் நாங்கள் மீள்குடியேறிய காலத்தில், வெளியில் ஒரு வடுவும் தெரியாத முதிரை மரத்தை அறுக்கும்போது வாளின் பல் முறியும். உள்ளே எறிகணைத் துண்டு இருக்கும்; அதைச் சுற்றி மரம் கறுத்து, வளர்ந்து மூடியிருக்கும். அப்பா வாளை நிறுத்தி, உளியால் தோண்டி அதை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்.

அன்று அவர் அந்தக் காட்டுப் படத்தைத் தம் கையில் வாங்கி, அடிமரத்தின் முடிச்சுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்த காண்டத்தின் தொடக்கத்தை நான் அவருக்குச் சொன்னேன்: தம் ஊரவர் ஒருவர் அங்கே சிதைந்த புதராகக் கிடக்கக் கண்டு, ஊர்ப் பாசம் உந்த, தாந்தே சிதறிய இலைகளைப் பொறுக்கி அந்தப் புதரின் அடியில் சேர்க்கிறார். அப்பா தலையசைத்துவிட்டு, படத்தை இன்னும் பெரிதாக்கித் தரச் சொன்னார்.