குரூப் 4 படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு: பூசையும் படிப்பும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் கத்தோலிக்கத் தம்பி தங்கச்சிகள் என்னிடம் அதிகம் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை தேர்வு வந்தால் பூசைக்கு என்ன செய்வது என்பதுதான். 2022இல் ஜூலை 24, 2024இல் ஜூன் 9, இரண்டு தடவையும் தேர்வு ஞாயிறு காலை ஒன்பதரைக்கு. இதற்கு மனசைப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை, சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு பூசைக் கடனுக்குச் சேரும். ஆனால் வாராவாரம் நடக்கிற மாதிரித் தேர்வைச் சொல்லி மாதக்கணக்கில் பூசையை விடுவது வேறு கதை. பயிற்சி மையத்தில் நேரம் மாற்றிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடவுளின் அழைப்பு என்றாலே சாமியாருக்கும் சிஸ்டருக்கும்தான் என்று நம் வீடுகளில் இன்னும் ஒரு நினைப்பு இருக்கிறது. புனித வாழ்வுக்கு எல்லாரும் அழைக்கப்பட்டவர்கள் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே தனி அதிகாரம் எழுதி வைத்துவிட்டது. படிக்கிற காலத்தில் அந்த அழைப்புக்கு நாம் பதில் சொல்லும் இடம் படிக்கிற மேசைதான். ஓரியூரில் மறைசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தரிடம் நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்துகொண்டேன், ஆனால் அன்றைக்கு முடிக்க வேண்டிய பாடத்தை முடித்துவிட்டுப் போங்கள்.

பெரிய சோதனை குறுக்குவழியில்தான் வரும். 2019 குரூப் 4இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையை வைத்து நடந்த மோசடி பக்கத்து மாவட்டத்துக் கதை, 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. "வினாத்தாள் கைக்கு வந்துவிட்டது, பணம் அனுப்பு" என்று டெலிகிராமில் யாராவது சொன்னால் அது உண்மையா பொய்யா என்று ஆராயவே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். உண்மையாக இருந்தால் திருட்டு, பொய்யாக இருந்தால் காசு போச்சு.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடுவது பொய்யா என்று ஒரு தம்பி கேட்டான். பாவம், ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, உங்களுக்குத் தோன்றியதைப் போடுவதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது கட்டமும் இருக்கிறது, அது உங்கள் விருப்பம்.

இன்னொன்று, 2024 தேர்வு வரை தமிழ்ப் பகுதியில் தேவாரமும் நாலாயிரத் திவ்யப் பிரபந்தமும் இருந்தன. சிலர் தயங்கி அதைத் தள்ளிவிட்டார்கள், வீட்டிலும் சிலர் முகம் சுளித்தார்கள். பைபிளில் வரும் தானியேலும் தோழர்களும் பாபிலோனில் மூன்று வருடம் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார்கள், அதிலேயே மற்றவர்களைவிடத் தேறியும் வந்தார்கள். அவர்கள் வேண்டாம் என்றது அரசனின் பந்தி உணவை, படிப்பை இல்லை. ஆகவே பாசுரம் பாடத்தில் இருந்தால் ஒழுங்காகப் படியுங்கள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது கூடப் படித்த ஒரு வைணவ வீட்டு அக்காதான், பதிலுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

குறிப்புகளை ஒளித்து வைக்காதீர்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே போட்டியாளர். இரவு படுக்கும் முன் புனித இஞ்ஞாசியார் சொன்ன ஆன்மச் சோதனையை, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபத்தை, ஐந்து நிமிடம் செய்தால், அன்றைக்கு யாரிடம் 'என்கிட்ட இல்லையே' என்று சொன்னோம் என்பது தானாக ஞாபகத்துக்கு வரும். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

அப்புறம், தேர்வன்று ஒருசந்தி நோன்பு இருக்காதீர்கள். மூன்று மணி நேரம், 200 கேள்வி. நாலு இட்லி சாப்பிட்டு, ஹால் டிக்கெட்டும் கருப்புப் பேனாவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.