அண்ணனின் கிளப் தங்கைக்கு ஆகாது

கோல்ஃப் கற்க வரும் பெண்களில் பலர் இரண்டாவது மாதம் வருவதில்லை. ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பயிற்சி நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதிக் காரணம் அவர்கள் கையிலேயே இருக்கும்: வீட்டில் கணவரோ அண்ணனோ ஆடி ஒதுக்கிய பழைய கிளப், அதாவது பந்தை அடிக்கும் கோல்.

ஆண்களுக்கான ஏழாம் எண் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான உலோகத் தலைக் கிளப்) ஏறத்தாழ 37 அங்குல நீளம். பெண்களுக்கானது ஓர் அங்குலம் குட்டை. நீளத்தைவிடப் பெரிய தொல்லை பிடியின் பருமன். இடது கையால் சுற்றிப் பிடிக்கும்போது நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் கட்டைவிரலின் அடிமேட்டை லேசாகத் தொட வேண்டும். இடைவெளி விழுந்தால் பிடி தடிமன். அப்படிப்பட்ட கிளப் விரல்களில் அடங்காமல் உள்ளங்கைக்குள் போய்விடும். மணிக்கட்டு இறுகும். கிளப்பின் முகம், அதாவது பந்தை அடிக்கும் தட்டைப் பரப்பு, நேராக நிற்காமல் வலப்பக்கம் திறந்தபடியே பந்தில் படும். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். தண்டு கனமான எஃகாகவும் இருந்துவிட்டால், பந்தைத் தூக்கிவிட உடம்பே பின்னால் சாய்கிறது. கிளப் பந்தின் உச்சியை மட்டும் உரசிவிட்டுப் போகும். "எனக்குக் கையில் பலமில்லை" என்று அவர்கள் மனம் விடுவது இந்த இடத்தில்தான். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விதிப்படி ஒருவர் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதத்துக்கு மூன்றே போதும்: எடை குறைந்த கிராஃபைட் தண்டு போட்ட பெண்களுக்கான ஏழாம் அயர்ன், அருகிலிருந்து பந்தை உயரத் தூக்கும் பிட்சிங் வெட்ஜ் ஒன்று, பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் பட்டர் ஒன்று. வளையலைக் கழற்றிவிட வேண்டும், அது பிடியை நகர்த்தும். துப்பட்டாவைக் குறுக்கே இட்டு இடுப்பில் முடிந்துகொண்டால் போதும்.

கோவைக்கோ பெங்களூருக்கோ போய் 18 குழி ஆடுவது பிறகு. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் உலர்களம் இருக்கிறதே, அறுவடை இல்லாத மாதங்களில் அது காலி; பட்டரால் உருட்டிப் பழக அதுவே இடம். வெறும் சிமென்டில் பந்து நிற்காது; குட்டை முடிக் கம்பளம் ஒன்றை விரிக்க வேண்டும். குழியின் விட்டம் 108 மி.மீ.; அதே அளவில் சாக்பீஸ் வட்டம் போதும். மழைநீர் வடிய களத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். அதுதான் நல்ல வாத்தியார். வாட்டத்துக்குக் குறுக்கே 2 மீட்டரிலிருந்து உருட்டினால், வேகம் தணியும் கடைசி அரை மீட்டரில்தான் பந்து அதிகம் திரும்பும். பத்து முறை பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

உருட்டலில் தொடங்கி, சிறு தூக்கலுக்குப் போய், அதன் பிறகே அரை வீச்சு. எடுத்ததும் நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரைக் கொடுப்பது தவறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை வந்த இந்திய வீராங்கனை அதிதி அசோக்கைத் தாங்கி நின்றது பட்டரால் உருட்டும் பட்டிங்தான், அடியின் தூரமல்ல.

சேலத்தில் விடிகாலை ஆறு மணி வகுப்பு ஆண்களுக்குத் தோது. அதே நேரம் வீட்டில் டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். பள்ளி வேன் போன பிறகு ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு, கோடையில் மேலே நிழல்வலை, இரண்டு தோழிகளாகச் சேர்ந்து வர ஏற்பாடு: இவை வேண்டும். ஹேண்டிகேப் என்பது ஆட்டத்தில் அடித்த எண்ணிக்கையிலிருந்து கழித்துத் தரும் சலுகை; 2020 முதல் அதன் உச்சவரம்பு இருபாலருக்கும் 54, அதாவது 18 குழி ஆட்டத்தில் குழிக்கு மூன்று முறை கூடுதலாக அடிக்கலாம். இதை முதல் நாளே சொன்னால் தயக்கம் பாதி குறையும்.

கழிப்பறை எங்கே என்பதையும் முதல் நாளே காட்டிவிட வேண்டும். ஒன்பது குழி ஆட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலர் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்காமலே அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார்கள்.