அம்மா தண்ணீர் குடித்த வண்டி

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நான்காவது ஆண்டில் அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்க வந்தார்கள். காரில் எங்கே கிளம்பினாலும் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வழியில் கழிப்பறை எங்கே வருமோ, தன்னால் எல்லோருக்கும் தாமதமாகுமோ என்ற பயம். சர்க்கரை இருக்கிற உடம்பு வேறு. இரண்டாவது பயணத்தில் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு நானும் மனைவியும் பேச ஆரம்பித்ததுதான் மோட்டார்ஹோம் பேச்சு: கட்டில், ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி.

பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். புதிது என்றால் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே விலை மளமளவென்று இறங்கிவிடும். 11 மீட்டர் நீளம், பின்பக்கம் டீசல் இன்ஜின், ஏர் பிரேக். பஸ் சேஸியின் மேல் கட்டிய வீடு என்றே சொல்லலாம். எந்த உரிமம் வேண்டும் என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். பல நாடுகளில் 3.5 டன்னைத் தாண்டினாலே சாதாரண கார் உரிமம் போதாது.

முதல் நாள் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, வண்டி ஓடும்போது எந்திரிச்சுப் போகலாமா?"

"கூடாதும்மா, பெல்ட் போட்டு உட்காருங்க. வேணும்னா ஒரு குரல் கொடுங்க, ஓரமா நிறுத்துறேன். கீழே இறங்கவே வேண்டாம், பின்னாடி நாலு எட்டுதான்."

சரி என்று தலையாட்டியவர், பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தார். இன்சுலின் வண்டியின் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. அப்பாவுக்கு முட்டி வலித்தால் நிறுத்திப் படுக்க அவருடைய கட்டிலே இருந்தது. பெரிய வண்டியின் நன்மை என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இன்னொரு நன்மையை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. மூன்று வருடம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்குகிற முகாம் மைதானத்தில் தண்ணீர்க் குழாயை மாட்டத் தெரியாமல் நின்றபோது இரண்டு வண்டிக்காரர்கள் தாமாகவே வந்தார்கள். இந்த நாட்டு மனிதர்களோடு மனம்விட்டுப் பேசியதே அங்கேதான்.

ஆனால் ஓட்டுவது வேறு கதை. பின்சக்கரத்துக்கு அப்புறமும் மூன்று மீட்டருக்கு மேல் உடம்பு நீண்டிருக்கிறது. வலப்பக்கம் ஒடித்தால் அந்த வால் இடப்பக்கம் வீசும். டீசல் போட்டுவிட்டுக் கிளம்பிய ஓர் இடத்தில் கம்பத்தில் உரசி, பக்கவாட்டுப் பெட்டிக் கதவு ஒன்று நசுங்கியது. பிறகு முகாமில் பழகிய ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார்: காலி மைதானத்தில் தரைக்கோட்டை ஒட்டி வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெல்ல நகர்த்தி, வால் கோட்டைத் தாண்டி எவ்வளவு வருகிறது என்று அளந்துகொள்ள வேண்டும். எங்கள் வண்டிக்கு 70 சென்டிமீட்டர் வந்தது. உயரம், கூரை ஏசியையும் சேர்த்து, 3.8 மீட்டர். அதை எழுதி ஸ்டீயரிங் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். கார்களுக்கான வழிகாட்டிச் செயலிக்குத் தாழ்வான பாலத்தைப் பற்றிய கவலை கிடையாது. டீசல், 100 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் குடிக்கிறது.

கழிவுத் தொட்டியைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். கழிவறைக்கு ஒரு தொட்டி, குளிக்கிற, கழுவுகிற தண்ணீருக்கு இன்னொன்று. முகாமில் சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டோம். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது கட்டியாக அடியில் தங்கிவிட்டது. சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. வால்வை மூடியே வைத்து, முக்கால்வாசி நிரம்பியதும் முதலில் அதைத் திறந்துவிட வேண்டும், அப்புறம் குளியல் தண்ணீர்த் தொட்டியை. அந்தத் தண்ணீரே குழாயை அலசிவிடும்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் செலவு நிற்பதில்லை. காப்பீடும் நிறுத்துமிட வாடகையும் மாதாமாதம் போகின்றன. பாட்டரி இறங்கும். ஜெனரேட்டரை மாதம் ஒரு முறையாவது ஏசியைப் போட்டு ஓடவிட வேண்டும். உறைபனிக்கு முன் குழாய்களில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றாவிட்டால் வெடித்துவிடும். டயர் தேயாமலே கெட்டுப்போகும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் அது எப்போது தயாரானது என்று சொல்லும்: முதல் இரண்டு இலக்கம் வாரத்தை, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டை. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் அதைப் படிக்காமல் திரும்பாதீர்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கூரைக் கசிவுதான். ஒட்டுப் பசையில் மயிரிழை விரிசல் போதும், உள்ளே மரம் உளுத்த பிறகே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன்.

வருடத்தில் 40, 50 நாளாவது அதில் தங்கப் போவதில்லை என்றால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நண்பர்களிடம் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்வர 11 மீட்டர் தேவையே இல்லை. அப்பா, அம்மா திரும்பிப் போனபின் விற்றுவிட்டுச் சின்னதாகப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தோம்.

அவர்கள் அடுத்த கோடையில் மறுபடி வருகிறார்கள். போன வாரம் வாசல்படியில், அப்பாவின் கைக்கு எட்டும் உயரத்தில், இன்னொரு கைப்பிடி பொருத்தினேன்.